‘லவ்லி’ என்று சொன்ன சம்பந்தியம்மா

சண்டை போடுகிறவர்களின் ஆங்கிலம் எனக்கு நன்றாகப் புரியும். ஒருமுறை ஆரணியிலிருந்து போளூருக்குப் புடவை கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் முன் சீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று ஆங்கிலத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அவன் அக்கா வீட்டுக்குப் போனது ஒரு குற்றம், போனவன் ஒரு வாரம் தங்கிவிட்டது இன்னொரு குற்றம். சண்டையில் ஒரு வசதி உண்டு. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். முதல் தடவை பிடிபடாத சொல் மூன்றாம் தடவை தானாக வந்து காதில் உட்கார்ந்துகொள்ளும். போளூரில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "அவரு சொல்றதும் நாயந்தாம்மா. ஆனா ஒரு வாரம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றேன். இரண்டு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை. கண்டக்டர்தான் சிரித்தார். "இன்னாக்கா, பஞ்சாயத்து முடிஞ்சுதா? ஜல்தி எறங்குங்க."

அந்தத் தைரியத்தில்தான் நான் இங்கிலாந்துக்குக் கிளம்பினேன்.

என் மகள் யாழினி அங்கே லீட்ஸ் பக்கத்தில் ஒரு ஊரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் மார்க் என்கிற வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையனைப் போனில் பார்த்தோம், குறை ஒன்றும் தெரியவில்லை. பையனைப் பெற்றவர்களையும் போனில் பார்த்தோம், நன்றாகச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு மசியவில்லை.

"போன்ல எல்லாரும் நல்லவங்கதான். உங்கம்மா வரட்டும். அவங்க ஊட்டுல ஒக்காந்து, அவங்க வாயால சொல்றத காதால கேட்டுகினு வரட்டும். அவங்களுக்கு மனசார சம்மதம்னா மேல பேசலாம். இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்."

"நீங்களும் வாங்கப்பா."

"நான் வந்தா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடுவேன். உங்கம்மாதான் பேச்சுக்காரி."

பேச்சுக்காரிதான், மறுக்கவில்லை. முன்கூடத்தில் பாய் விரித்துப் பட்டுப்புடவை விற்கிறவளுக்குப் பேச்சு வராவிட்டால் அடுப்பு எரியாது. பத்தாவது தாண்டாவிட்டாலும், கையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களோடு இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டால் ஹைதராபாத்காரர்களிடமும் பெங்களூர்க்காரர்களிடமும் வியாபாரம் பண்ணிவிடுவேன். கேட்பதுதான் கஷ்டம். பேசும்போது சொல்லை நாம் எடுக்கிறோம், கேட்கும்போது அவர்கள் எடுக்கிறார்கள்.

யாழினி என் போனுக்கு ஒரு பாடம் அனுப்பி வைத்தாள். அன்றாடப் பேச்சைக் கேட்டே ஆங்கிலம் பழகலாம் என்றது அது. அந்தப் பாடத்தில் வருகிற மனிதர்களைப் போல ஒருவரையும் நான் ஆரணியில் பார்த்ததில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். யாரும் இருமுவதில்லை. எந்த வீட்டிலும் குழந்தை அழுவதில்லை. நூலகம் எங்கே என்று ஒருவர் கேட்கிறார், நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள் என்கிறார் இன்னொருவர், நன்றி, பரவாயில்லை, முடிந்தது. ஆரணியில் வழி கேட்டுப் பாருங்கள். நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்குப் போறீங்க என்று ஆரம்பித்து, "அவங்க ஊட்டுல இப்ப ஆள் இல்லியே" என்பதில் வந்து நிற்கும். போகிற இடம் பாதியிலேயே மறந்துபோகும்.

பின்கட்டில் விசைத்தறி ஓட, அதன் சத்தத்துக்கு மேல் நூலகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். போதவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆங்கிலம் சொல்லித்தரும் இடம் ஒன்று இருந்தது. போய்க் கேட்டேன்.

"அக்கா, பேசறது ஒரு கோர்ஸ், கேக்கறது தனி கோர்ஸ்" என்றார் அங்கே இருந்தவர்.

"அப்ப பேசறவங்களும் கேக்கறவங்களும் எப்பங்க சந்திச்சிப்பாங்க?"

"அது அட்வான்ஸ்டு கோர்ஸ்."

கீழே இறங்கி வந்துவிட்டேன். கடன் வேண்டுமா என்று தினமும் போனில் கூப்பிடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் நான் வைக்காமல் கேட்டேன். "ஒன்ஸ் மோர்" என்றேன், திரும்பச் சொன்னாள். நாலைந்து நாள் இப்படிக் கேட்ட பிறகு, "மேடம், ப்ளீஸ், நான் வச்சுடட்டுமா?" என்று அவளே தமிழில் கெஞ்சினாள். காசில்லாமல் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். கேள்வி அப்படியே பாடத்தில் வந்த கேள்வி. சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு ஒரு மகள், மகளுக்கு ஒரு பையன், பையனுக்கு ஒரு அம்மா, அந்த அம்மாவுக்குச் சம்மதமா என்று பார்க்க வந்தேன் என்று ஆரம்பித்தேன். பையனின் அப்பாவுக்கு வருவதற்குள் போங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார். பாடத்தில் பதிலை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தரவில்லை.

வடக்கே போகிற ரயிலில் பக்கத்து சீட்டு அம்மாள் ஜன்னலைப் பார்த்து, "இன்றைக்கு அவ்வளவு மோசமில்லை, இல்லையா?" என்றார். வெளியே மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. நான் வெளியே பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இதில் எது மோசமில்லை? ஆனால் அவருக்கு என் கருத்து தேவைப்படவில்லை, தலையாட்டல் மட்டும் போதுமாக இருந்தது. இதற்கு என் வீட்டுக்காரரையே அனுப்பியிருக்கலாம்.

யாழினியின் ஊரில் பஸ் நிறுத்தத்தில் மறுநாள் நானும் அவளும் நின்றோம். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது, அதுவும் போயிற்று. கை காட்டினால்தான் நிற்குமாம். முன்பின் தெரியாத டிரைவரைப் பார்த்துக் கை ஆட்டுவது எப்படி என்று நான் மரியாதையாக நின்றிருக்கிறேன். நம் ஊரில் நாம் ஏறாத பஸ்ஸின் கண்டக்டர்கூட "தேவிகாபுரம், தேவிகாபுரம், வர்றியாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். தேவிகாபுரத்தில் எனக்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்பார்.

இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். நானும் சொன்னேன். பதிலுக்கு அவர் என்னை ‘லவ்’ என்று கூப்பிட்டு ஏதோ சொன்னார். திக்கென்றது.

"இன்னாடி சொல்றான் அவன்?"

"அம்மா, இங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நம்மூர்ல கண்டக்டர் அக்கான்ற மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மார்க் வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா ஜூடி, அப்பா பிலிப். ஜூடியம்மா வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். முடியெல்லாம் வெள்ளை, முகத்தில் மட்டும் வெட்கம் போகாத பெண்பிள்ளையின் சிரிப்பு. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதால்தான் பயமும் வந்தது.

கையோடு கொண்டுபோன அரக்குப் பட்டுப்புடவையைக் கொடுத்தேன். "ஓ, லவ்லி! எவ்வளவு அழகு! நீங்கள் இவ்வளவெல்லாம் செய்திருக்க வேண்டாமே!" என்றார். பிறகு மடித்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கவில்லை. ஜரிகையைக் கட்டைவிரலால் தேய்க்கவில்லை. உள்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

சாப்பாடு வந்தது. சுட்ட கோழி, வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, நடுவில் குழி விழுந்த பெரிய பணியாரம் போல ஒன்று. அந்தக் குழியில் குழம்பை ஊற்றிச் சாப்பிட வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். கல்யாணம் ஆரணியில் என்றேன். லவ்லி என்றார் ஜூடியம்மா. ஆயிரம் பேர் வருவார்கள் என்றேன். லவ்லி. வைகாசியில், நல்ல வெயில் காலம் என்றேன். ஓ, லவ்லி. முகூர்த்தம் விடியற்காலை நாலரை மணி, அதற்கு இரண்டு மணிக்கே எழுந்து குளிக்க வேண்டும் என்றேன். அதற்கும் லவ்லி!

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நாலரை மணி முகூர்த்தத்துக்கு முகம் சுளிக்காதவர் அந்தக் கல்யாணத்துக்கு வரப்போகிறவர் இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. என் பாயில் வந்து உட்காருகிற பெண்களில் இரண்டு வகை உண்டு. "ரொம்ப நல்லா இருக்குங்க, எல்லாமே அழகா இருக்குங்க" என்று சொல்கிறவளின் கால், அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருக்கும். "இன்னாங்க பார்டர் இத்தினூண்டு? கலர் மங்கலா கீது, முந்தியில ஒண்ணுமே விசேஷமில்ல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளே, அவளுக்குத்தான் நான் டீ வரவழைப்பேன். எடுக்கப்போகிறவள்தான் குறை பார்ப்பாள். எடுக்காதவளுக்கு எந்தப் புடவையில் எது இருந்தால் என்ன?

ஜூடியம்மா ஒன்றுக்கும் குறை சொல்லவில்லை. நான் என் பங்குக்கு நெருக்கம் காட்டிக்கொண்டிருந்தேன். கோழியில் கொஞ்சம் உப்புக் கம்மி என்றேன். சுவரை ஒட்டி நிற்கும் மரம் வேர் விட்டால் சுவர் விரியும் என்றேன். மார்க்கைக் காட்டி, பையன் இளைத்துப்போயிருக்கிறான், நன்றாகச் சாப்பாடு போடுங்கள் என்றேன். சொந்த வீட்டில் பேசுவதுபோல. ஒவ்வொன்றுக்கும் ஜூடியம்மா, "சொன்னதற்கு ரொம்ப நன்றி" என்று இன்னும் அகலமாகச் சிரித்தார். மேஜைக்கு அடியில் யாழினி என் காலை மிதித்தாள்.

திங்கட்கிழமை காலை அவளிடம் சொன்னேன், அவங்களுக்கு இஷ்டமில்லை என்று.

"எல்லாம் லவ்லின்னுதானேம்மா சொன்னாங்க?"

"அதான்டி சொல்றேன். ஒரு குறையாவது சொன்னாங்களா?"

"குறை சொல்லாததே குறையா? நான் பொண்ணும்மா, பொடவ இல்ல."

"பொடவைக்கே இத்தினி கேள்வி கேக்கறவங்க ஊர்லேந்து வந்திருக்கேன். பொண்ணுக்கு ஒரு கேள்வி கேக்க மாட்டாங்களா?"

"உனக்கு இங்கிலீஷ் புரியலைன்னு சொல்லிட்டுப் போயேன், அம்மா."

அதுதான் சுட்டது. ஒரு சொல் விடாமல் புரிந்தது எனக்கு. அவள் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தேவையானதை மட்டும் பேசினாள், அதையும் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். புடவையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்றதும் அவருக்கும் விளங்கிவிட்டது. "அப்ப சரி. கொழந்த மனசு நோவாம நல்லபடியா பேசி முடிச்சிகினு வந்துடு" என்றார்.

புதன்கிழமை ஜூடியம்மா என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போவதாக முன்பே பேச்சு. "நான் வரல. நீ போ" என்றாள் யாழினி. போனேன், விஷயத்தை முடித்துவிடலாம் என்றுதான் போனேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம், நாம் நல்லபடியாகப் பிரிந்துகொள்வோம் என்பதை ஆங்கிலத்தில் மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன். கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. காற்று ஆளைத் தூக்கியது. அதில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். வினிகரை ஊற்றுகிறார்கள். எண்ணெய் ஜாஸ்தி என்றேன். நன்றி என்றார் ஜூடியம்மா. கட்டி வைத்த வாக்கியம் வெளியே வரவில்லை.

திரும்பும்போது ரயில் ரத்து. ஒலிபெருக்கியில் ஒரு குரல் அதற்காக மிகவும் வருந்தியது. அடுத்த ரயில் தாமதம், அதற்கும் வருந்தியது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இதுவரை ஒருவரும் வருந்தி நான் கேட்டதில்லை. "சேத்துப்பட்டு வண்டி இன்னைக்கு இல்ல, போய் வேற வேலையப் பாரு" என்பார்கள், நாமும் போய் வேறு வேலையைப் பார்ப்போம். இங்கே வருத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் குளிரில் நின்றார்கள்.

நடைமேடை பெஞ்சில் நாங்கள் இரண்டே பேர். மொழிபெயர்க்க மகள் இல்லை. வாக்கியத்தை எடுத்தேன். எடுக்கும்போது யாழினி சுவரைப் பார்த்துப் பேசிய முகம் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்று தோன்றியது.

எழுந்துபோகிற வாடிக்கைக்காரியிடம் நாங்கள் கடைசியாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. "இந்தாங்க, இந்த மூலையில ஒரு இழ வுட்டிருக்கு பாருங்க" என்று நம் சரக்கின் குறையை நாமே காட்டுவோம். போனவள் திரும்பி உட்கார்ந்துவிடுவாள். அதைச் செய்தேன். "என் மகள், ரொம்பக் கோபம். சமையல் பூஜ்யம். காலையில் எழுப்பினால் கடிப்பாள்" என்றேன்.

ஜூடியம்மாவின் சிரிப்பு அணைந்தது. நான் அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்கள் இதை நிறுத்தப் பார்க்கிறீர்கள், இல்லையா?" என்றார். "உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. வந்ததிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை நீங்கள். என் சமையலில் உப்பில்லை. என் மகன் நோயாளி மாதிரி இருக்கிறான். நீங்கள் வருகிறீர்கள் என்று நான் சனிக்கிழமை முழுக்க வீட்டைத் துடைத்தேன், தெரியுமா? பிலிப் அந்த மரத்தை வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா வைத்த மரம்!"

கோபம் ஏற ஏற விழுங்கிய சொல்லெல்லாம் முழுசாக வெளியே வந்தது. உப்பும் மரமும் இரண்டு தடவை வந்தன. ஒரு எழுத்துக்கூட எனக்குத் தப்பவில்லை. தப்பாமல் கேட்டது போதாது என்பதும் அங்கேதான் உறைத்தது. பிடிக்காத வீட்டில் நாங்கள் குறை சொல்லவே மாட்டோமே! தண்ணீரைக் குடித்துவிட்டு, எல்லாம் அழகாக இருக்கிறது என்று எழுந்துவிடுவோமே!

இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? "எங்க ஊர்," என்றேன். நெஞ்சில் கை வைத்தேன். "பிடித்தால், குறை. பிடிக்காவிட்டால், லவ்லி."

ஜூடியம்மா என்னையே பார்த்தார். "அப்படியானால் நான் சொன்ன லவ்லி எல்லாம்?"

"வேண்டாம், போய் வருகிறேன், என்று அர்த்தம்."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மரம் பாவம், உடனே வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் போனை எடுத்துப் பிலிப்பிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் பங்குக்கு நானும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. புடவை விற்க ஆரம்பித்த நாளிலிருந்து, வாங்க நினைத்த எதையும் முகத்துக்கு நேரே புகழாதவள் நான். "மார்க் தங்கமான பையன். உங்க சாப்பாடு நல்லா இருந்தது. உங்க சிரிப்பு எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, பதறிப்போய், அவர் தலையைச் சுற்றித் திருஷ்டி கழித்து, என் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிப் படபடவென்று நெட்டி முறித்தேன். நடைமேடையில் வருத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது என்ன?" என்றார் ஜூடியம்மா.

"நல்லது சொன்னால் இதையும் செய்யணும்."

ஜூடியம்மா தொண்டையைச் செருமினார். "அந்த நாலரை மணி..." என்றார்.

நான் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தேன். "சொல்லுங்க."

நாலரை மணிக்கு யாராலும் சிரிக்க முடியாது என்றார். பிலிப் இங்கத்திய வெயிலுக்கே தக்காளி மாதிரி ஆகிவிடுவார், வைகாசியில் அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்றார். ஆயிரம் பேர் யார், மார்க்குக்குத் தெரிந்தவர்களே முப்பது பேர்தான் என்றார். புடவை அழகுதான், ஆனால் ரொம்ப நீளம், அத்தனை பேர் முன்னால் அவிழ்ந்து விழுந்தால் என்ன செய்வது, அதனால்தான் அதைத் தொடவே பயந்தேன் என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அங்கே எல்லோரும் பேசுவார்கள், எனக்கு ஒன்றும் புரியாது. நான் சும்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

"சிரிக்க வேண்டாம். என்னோட பக்கத்துலேயே இருங்க. எது பிடிக்கலையோ என் காதுல சொல்லுங்க" என்றேன்.

பேரம் ஆரம்பமாயிற்று. வைகாசியைத் தைக்கு இறக்கினேன். நாலரையை ஏழரைக்கு ஏற்றினேன். புடவைக்கு உள்ளே பத்து ஊக்கு குத்தி நானே கட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டேன். ஆயிரம் பேரில் மட்டும் ஒருவரைக்கூடக் குறைக்க முடியாது, விட்டுப்போனவர்கள் சாகும்வரை பேசுவார்கள் என்றேன். ஜூடியம்மா உதட்டைப் பிதுக்கினார். என்ன அருமையான பிதுக்கல்! ரயில் வந்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் யாழினி நின்றிருந்தாள், கண்ணெல்லாம் வீங்கி. ஜூடியம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "நீ கடிப்பாயாமே?" என்றார். யாழினி என்னைப் பார்த்தாள். அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"இன்னா, பேசி முடிச்சிட்டியா?" என்றார். குரலில் உயிரே இல்லை.

"எங்க முடியுது, பேசிகினே கீறோம். நாலரை மணி முகூர்த்தம் வேணவே வேணாமாம். வைகாசி வெயில் ஆவாதாம். ஆயிரம் பேர் இன்னாத்துக்குன்னு கேக்கறாங்க. பொடவ நீளம் ஜாஸ்தியாம். தையில, ஏழரைக்கு மேல வச்சா பாக்கலாமாம்."

அந்தப் பக்கம் தறிச்சத்தத்தையும் தாண்டிக் குரல் எழும்பியது.

"அடேங்கப்பா," என்றார் வீட்டுக்காரர், "இத்தினி குறையா சொன்னாங்க!" மூக்கை உறிஞ்சினார். போனை வைக்க மறந்து, தறியில் இருந்தவரைப் பார்த்துக் கத்தினார்: "யோவ், தறிய நிறுத்திட்டுப் போய், தை மாசம் மண்டபம் காலியா கீதான்னு ஜல்தி கேட்டுகினு வா!"